முன்வாசலில் இறங்கி வலது பக்கம்

அந்த ஊரில் எங்கே நல்ல காபி கிடைக்கும், எந்தக் கடைச் செருப்பு காலைக் கடிக்காது, படகில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் முகத்தில் அடிக்காது என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள் அவள். ஹோட்டலில் அவளுக்குப் பெயர் ‘விசாரணை’. அவள் மேஜையில் அப்படி ஒரு பித்தளைப் பலகை இருந்தது. பலகையின் பெயர் நாளடைவில் அவள் மேலேயே ஏறிக்கொண்டது. சமையற்கட்டிலிருந்து மேனேஜர் அறை வரை “விசாரணை சாப்பிட்டாச்சா?”, “விசாரணைக்கு இன்னைக்குத் தொண்டை கட்டியிருக்கு” என்றுதான் பேச்சு. தொண்டை கட்டாமல் என்ன செய்யும்? காலையிலிருந்து சாயங்காலம் வரை அந்த வாய் ஓய்ந்தால்தானே.

“முன்வாசல்ல இறங்கி வலது பக்கம் திரும்புங்க. பச்சைக் கதவு போட்ட காபிக் கடை வரும். உள்ள போயிடாதீங்க, வெளிய இருக்கிற பெஞ்சுல உட்காருங்க. அங்கேருந்து பார்த்தாதான் மணிக்கூண்டு முழுசாத் தெரியும். சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லுங்க, அந்த ஆள் போடுற கம்மியே தாராளம்!”

இப்படிச் சொல்லும்போது அவள் கண் விரியும், கை பறக்கும். கேட்டவர்கள் அறைக்குப் போய்ப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் நேரே வெளியே ஓடுவார்கள். திரும்பி வந்ததும் விடுவாளா? மடக்கிப் பிடித்துக்கொள்வாள். மீன் எப்படி இருந்தது, எலுமிச்சை தனியாகக் கேட்டீர்களா, ஜன்னலோர மேஜை கிடைத்ததா, கூட்டம் எப்படி? அவர்கள் சொன்னதையெல்லாம் மனசில் வாங்கி, அடுத்து வருகிறவரிடம் சுடச்சுடச் சொல்வாள். கூரை போட்ட பெரிய சந்தையில் துணிக்கடைக்காரர் கடை மாறிய செய்தி, சந்தைக்குள்ளேயே பாதிப் பேருக்குத் தெரியுமுன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு இன்னொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். இந்தக் காபிக் கடை, மீன் கடை, சந்தை, படகு, லிஃப்டில் ஏறி ஊரைப் பார்க்கும் கோபுரம், எதிலும் அவள் ஒரு தடவைகூடக் காலடி வைத்ததில்லை.

நேரமில்லை என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்காரர்களுக்கு முன்வாசல் கிடையாது. பின்பக்கச் சந்தில் ஒரு இரும்புக் கதவு உண்டு. அதில் நுழைவாள், அதிலேயே வெளியேறுவாள், சந்து முனையில் பஸ் ஏறினால் வீடு. வார லீவு வந்தால் துணி துவைப்பு, தூக்கம், பிறகு மறுபடி தூக்கம். ஆனால் இதெல்லாம் சாக்கு. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். உண்மைக் காரணம் வேறு, அது அவள் வாயாலேயே வரட்டும்.

அவள் நாற்காலி இருந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். முன்வாசலை ஒட்டி, கண்ணாடிச் சுவருக்கு முதுகைக் காட்டித்தான் அவள் உட்காருவாள். தெரு முழுக்க அவளுக்குப் பின்னால் கிடந்தது. எதிரே நின்று கேட்பவருக்கு அவள் முகமும் தெரியும், தெருவும் தெரியும்; அவளுக்குத் தெரிந்தது கேட்பவர் மூஞ்சி மட்டும்தான். அவர் வெளியே இறங்கினால் எந்தப் பக்கம் வலதோ அது அவளுக்கு இடது. அதனால் “வலது பக்கம்” என்று வாய் சொல்லும்போது இடது கையை நீட்டப் பழகியிருந்தாள். புதிதில் தடுமாறினாள். இருபது வருஷத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது, இப்போது வாயும் கையும் அவளைக் கேட்காமலே அந்த வேலையைச் செய்துவிடும்.

அவளுக்கு இருந்த ஒரே நெருங்கிய உறவு அக்கா. வேறொரு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். டாக்டர்களே அவளைக் கண்டால் சட்டைப் பித்தானைச் சரிபார்த்துக்கொள்வார்கள் என்று கேள்வி. இந்த அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வெளிநாட்டிலிருந்து மகன் போன் செய்தான். தனி அறை, மெத்தை, டிவி எல்லாம் தயார், நீ ஒரு துரும்பைக்கூட நகர்த்த வேண்டாம், வந்து சும்மா உட்கார் என்றான். தங்கை இந்தப் பக்கத்திலிருந்து, “எங்கிட்ட வந்துடுக்கா” என்றாள். வந்துடு என்று சொன்னாளே ஒழிய, ஒற்றை அறையும் ஒரு ஆள் நிற்கும் சமையற்கட்டும்தான் அவள் வீடு. ஆனாலும் இரண்டாவது கட்டில் ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டாள். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. பிரித்துவிட்டு அக்கா வராமல் போனால், அந்தக் கட்டிலைத் தினமும் பார்த்துக்கொண்டு எப்படித் தூங்குவது?

“ஒரு நாள் வர்றேன்டீ” என்றாள் அக்கா. “உன் ஊரைச் சுத்திக் காட்டு. சாயங்காலம் அவன் போன் பண்ணுவான். டிக்கெட் எடுக்கவா வேணாமான்னு அப்ப சொல்லிக்கிறேன்.”

போனை வைத்த தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே நாள்! முன்பின் தெரியாத ஜனங்களை எல்லாம் இந்த ஊர் மேல் மயங்கவைத்தவளுக்குச் சொந்த அக்காவை மயக்க ஒரு நாள் போதாதா? பச்சைக் கதவுக் கடையில் காபி, சந்தையில் சால்வை, மீன் கடையில் ஜன்னலோரம் சாப்பாடு, பிறகு படகு. படகிலிருந்து இறங்கும்போது அக்கா தானாகவே ‘இங்கேயே இருந்துடறேன்’ என்று சொல்லுவாள். சொல்லியே ஆகவேண்டும். சமையற்கட்டில் நின்றபடி இதையெல்லாம் அவள் வாய்விட்டு ஒத்திகை பார்த்தாள்.

அந்த நாளும் வந்தது. இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அக்காவைக் கூட்டிக்கொண்டு அவள் முதலில் போனது எங்கே தெரியுமா? ஹோட்டலுக்கு. சும்மா இல்லை. அவளுக்குத் தெரிந்த வழியெல்லாம் முன்வாசலில்தான் ஆரம்பிக்கும். வேறு எங்கிருந்தும் அவளுக்கு ஊர் கிடையாது. பின்கதவு வழியாக உள்ளே போய், சலவை அறையைத் தாண்டி, சமையற்கட்டு ஆட்கள் எல்லாரும் “விசாரணையோட அக்காவா!” என்று எட்டிப் பார்க்க, கூடத்துக்கு வந்தார்கள். வாசலில் மீசைக்காரர் நின்றார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதவு திறந்து சல்யூட் வைப்பது அவர் உத்தியோகம். அவளைப் பார்த்ததும் முதலில் முழித்தார். பிறகு மேனேஜர் அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறைப்பாக நின்று, கதவை விரியத் திறந்து, மந்திரிக்கு வைப்பது மாதிரி ஒரு சல்யூட் வைத்தார்.

“போயிட்டு வாங்க மேடம்! நல்லாச் சுத்திப் பாருங்க!”

“ஏன்டீ, தினமும் பார்க்கிற ஆளு உன்ன மேடம்ங்கிறாரு?” என்றாள் அக்கா.

“அவரு அப்படித்தான், தமாஷ் பண்ணுவாரு” என்று சமாளித்தாள். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முன்வாசல் படியில் முதல் தடவையாக நிற்கிறாள்! “வலது பக்கம் வாக்கா” என்று சொன்னாள். இடது கை நீண்டது. கை நீண்ட பக்கம் நடந்தாள்.

பச்சைக் கதவு வரவில்லை. நீலக் கதவு வந்தது, துருப்பிடித்த ஷட்டர் வந்தது, அப்புறம் டயர் வந்தது. கடை கடையாக, சுவர் உயரத்துக்கு அடுக்கி வைத்த டயர். “இதோ இப்ப வந்துடும்” என்றாள். இரண்டாவது தெருவில் மறுபடி வலது என்று சொல்லி மறுபடி இடதில் திரும்பினாள். இப்போது பஞ்சர் ஒட்டும் கடைகளும் சேர்ந்துகொண்டன. அவள் நின்று தெருவை முன்னும் பின்னும் பார்த்தாள். இத்தனை பேரை அனுப்பியிருக்கிறோமே, ஒருத்தர்கூட டயர் என்று சொன்னதில்லையே!

“எனக்குக் காபி வேணும்” என்றாள் அக்கா. வார்டில் ஊசி கேட்கும் குரல் அது. எதிர்த்துப் பேச முடியாது.

லாரி ஓட்டுகிறவர்கள் நின்றபடி குடிக்கும் ஒரு தள்ளுவண்டி இருந்தது. பெஞ்சும் இல்லை, மணிக்கூண்டும் இல்லை. வண்டிக்கார அம்மா கேட்காமலே இரண்டு கிளாஸை நிரப்பி நீட்டினாள். தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். தீர்ந்தது, முதல் இடமே ஊத்திக்கொண்டது.

“அடேயப்பா!” என்றாள் அக்கா. கிளாஸைத் தூக்கிப் பார்த்தாள். “என்னடீ இது, இப்படி இருக்கு! இன்னொண்ணு போடும்மா.” ஓய்வு பெற்ற தலைமை நர்ஸ், டயர் மேல் உட்கார்ந்து, லாரிக்காரர் ஒருவரின் முதுகுவலிக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டே இரண்டாவது காபி குடித்தாள். தங்கைக்கு உயிர் வந்தது. அவளும் குடித்துப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், பச்சைக் கதவுக் காபியைப் பற்றி அத்தனை வருஷமும் அவள் வர்ணித்ததெல்லாம் இந்தக் காபிக்குத்தான் பொருந்தியது.

அடுத்தது சந்தை. “நேராப் போயி, மூணாவது தெருவுல வலது” என்றாள். போனால் சந்தை இல்லை, பித்தான் தெரு! தெரு முழுக்கப் பித்தான். முத்துப் பித்தான், மரப் பித்தான், கண்ணாடிப் பித்தான், யானைக்குச் சட்டை தைத்தாலும் தாங்கும் அளவுக்குப் பெரிய பித்தான். இப்படி ஒரு தெரு இருப்பதை எந்த விருந்தாளியும் அவளிடம் சொன்னதில்லை. அக்கா ஒரு கடைக்குள் புகுந்தாள், இன்னொன்றில் வெளியே வந்தாள். “இங்க பாருடீ! இதைப் பாருடீ!” என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கூவினாள். ஆயுசு முழுக்க வெள்ளை யூனிஃபார்மும் வெள்ளைப் பித்தானுமாக இருந்தவள் அவள். சிவப்பில் ஒரு பிடி, மஞ்சளில் ஒரு பிடி என்று வாங்கினாள்.

“எதுக்குக்கா இவ்வளவு?”

“எதுக்கோ! வாங்கணும்னு தோணுது, வாங்குறேன். நீ சும்மா வா.”

தங்கையும் ஒன்று எடுத்தாள், பச்சைக் கண்ணாடிப் பித்தான். எதற்கு என்று அவளுக்கும் தெரியவில்லை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டே நடந்தாள். இதுவரை வாய்தான் ஊரைச் சுற்றியது. இப்போது காலும் சுற்றுகிறது. அந்தக் குஷியில், வழி தவறிவிட்டது என்ற பயம்கூட அவளுக்கு ஒரு பாதி மறந்துபோனது.

மறு பாதி மறக்கவில்லை. மீன் கடை வரவே இல்லை. நேரே போனால் ஆறு வரும் என்பது மட்டும் நிச்சயம், அதற்கு வலது இடது கிடையாது. ஆறு வந்தது. வலது பக்கம் படகுத்துறை என்று இடது பக்கம் போனாள். அங்கேயும் ஒரு துறை இருந்தது, ஒரு படகும் நின்றது. அப்பாடா என்று ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தாள். ஏறியவர்கள் கையில் கேமரா இல்லை, சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. அக்கரைத் தொழிற்சாலைகளுக்கு ஷிஃப்ட் மாற ஆள் ஏற்றிப் போகும் படகு அது.

படகு நகர்ந்ததும் காற்று அடித்தது. அக்கா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முடி கலைந்து முகமெல்லாம் பறந்தது. “எவ்வளவு அழகாயிருக்குடீ!” என்று சத்தமாகச் சொன்னாள். தங்கை திரும்பிப் பார்த்தாள். பாலங்கள், கோபுரம், மணிக்கூண்டு, எல்லாம் கரையில் வரிசையாக நின்றன. கூடவே, வெயிலில் பளபளக்கும் கண்ணாடிச் சுவரோடு அவள் ஹோட்டலும். தன் முதுகுக்குப் பின்னால் இத்தனை நாள் இருந்தது இதுதானா!

அப்போதுதான் ஒரு கணவனும் மனைவியும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஹோட்டலில் தங்கியிருப்பவர்கள். முந்தின நாள் இவளிடம் வழி கேட்டவர்கள்.

“நல்லவேளை மேடம், உங்களப் பார்த்தோம்!” என்றான் கணவன். “படகு மாறி ஏறிட்டோம். அக்கரையில இறங்கி ஹோட்டலுக்கு எப்படிப் போறது?”

அவள் உற்சாகமாக வாயைத் திறந்தாள். வழி சொல்வது என்றால் அவளுக்குக் கேட்கவா வேண்டும்? “அது ரொம்பச் சுலபம். முன்வாசல்ல இறங்கி...”

நின்றுவிட்டாள். மறுபடி ஆரம்பித்தாள். “முதல்ல நீங்க ஹோட்டல் முன்வாசலுக்குப் போயிடணும். அங்கேருந்து...”

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்தில் தூக்குச்சட்டியோடு நின்ற பெண்தான், “இதே படகுல திரும்பிப் போங்க, வேறென்ன” என்று வழி சொல்லி அனுப்பினாள். அக்கா ஒன்றும் பேசவில்லை. பேசாத நர்ஸ் எவ்வளவு ஆபத்து என்பது ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத் தெரியும்.

அக்கரையில் இறங்கியதும், தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் சூப்பும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடை முழுக்கச் சிரிப்பும் கரண்டிச் சத்தமும். அக்கா ரொட்டியைப் பிட்டாள்.

“வலது பக்கம் எதுன்னு காட்டு.”

“என்னக்கா, சின்னப் பிள்ளை மாதிரி...”

“காட்டுடீ.”

“வலது பக்கம்” என்றாள். இடது கை நீண்டது. தன் கையைத் தானே பார்த்தாள். டயர், பித்தான், தொழிற்சாலைப் படகு, எல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. நாளெல்லாம் ஊரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்ட சட்டை மாதிரி போட்டுக்கொண்டு சுற்றியிருக்கிறாள்! அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். மேஜையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டாள்.

“காபிக் கடை, மீன் கடை எதுக்குமே நீ போனதில்லை. அப்படித்தானே?”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். பச்சைப் பித்தானை விரலில் உருட்டினாள்.

“ஏன்டீ? இவ்வளவு பக்கத்துல இருந்துக்கிட்டு?”

“அவங்கெல்லாம் ரெண்டு பேரா வர்றாங்கக்கா” என்றாள். “புருஷன் பொண்டாட்டி, அம்மா பொண்ணு, சிநேகிதிங்க. ஜன்னலோரம் மேஜை போடுறதே ரெண்டு பேருக்குத்தான். நான் தனியாப் போயி உட்கார்ந்து, நல்லாயிருக்குன்னு யார்கிட்ட சொல்றது? அதான், போறவங்ககிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்குவேன். பாதி போன மாதிரி இருக்கும்.” மூக்கை உறிஞ்சினாள். “உன்ன மயக்கி இங்கேயே வெச்சுக்கணும்னு பார்த்தேன். எல்லாம் சொதப்பிட்டேன்.”

அக்கா பதில் சொல்லுமுன் பையில் போன் அடித்தது. மகன். சாயங்காலம் என்று சொன்னவன், பொறுக்க முடியாமல் முன்னாலேயே அழைத்துவிட்டான். தங்கை எழுந்து போகப் பார்த்தாள். அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நாடி பார்க்கிற பிடி, அது நழுவவிடாது.

“சொல்லும்மா, டிக்கெட் எடுத்துடவா? உனக்கு எல்லாம் ரெடியா இருக்கு. நீ ஒரு வேலையும் செய்ய வேணாம்.” அந்தச் சத்தத்திலும் அவன் குரல் தங்கைக்குக் கேட்டது.

“எடுக்காதடா கண்ணா” என்றாள் அக்கா. “லீவு கிடைச்சா நீ கிளம்பி இங்க வா. எனக்கு இங்க நிறைய வேலை கிடக்கு. உங்க சித்திக்கு ஊரைச் சுத்திக் காட்டணும். பாவம், அவளுக்கு இந்த ஊர்ல ஒண்ணுமே தெரியாது.”

தங்கைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் சூப் புரையேறியது. அக்கா போனைக் காதில் வைத்தபடியே அவள் தலையில் தட்டினாள்.

கடையை விட்டு வெளியே வந்தார்கள். தெரு இரண்டு பக்கமும் பிரிந்தது. “இப்ப எந்தப் பக்கம்?” என்றாள் அக்கா.

“வலது பக்கம்” என்றாள் தங்கை. இடது கை நீண்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு கையை இழுக்கப் போனாள்.

அதற்குள் அக்கா அந்தக் கை காட்டிய பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள்.